இலவசமா? உரிமையா?

பலர் கூடி மென்பொருள் செய்யும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முன்வந்திருக்கிற உங்களுக்கு நாம் சொல்லுவது, முதலில் சொல்லைச் சரியாய்த் தேர்ந்தெடுங்கள் என்பதேயாகும்.

1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் இவ்வேலையைத் தொடங்கியபோது 'ஃப்ரீ' என்றார். இங்கிலீஷில் அதற்கு விடுதலை என்றும் பொருள், காசில்லை என்றும் பொருள். இக்குழப்பத்தாலும், வியாபாரிகள் மிரளுவார்கள் என்பதாலும், 1998-ல் சிலர் 'ஓப்பன் சோர்ஸ்' என்று வேறு பெயர் வைத்தார்கள். அப்பெயரோ மூலநிரல் திறந்திருக்கிறது என்கிறதேயொழிய, நமக்குள்ள உரிமையைச் சொல்லுவதில்லை.

தமிழில் அச்சங்கடம் ஏது? இலவசம் வேறு, கட்டற்றது வேறு. அப்படியிருந்தும் 'இலவச மென்பொருள்' என்று கற்பிப்பானேன்? இலவசமென்றால் கொடுப்பவன் ஒருவன், கை நீட்டுபவன் ஒருவன். இதிலோ இயக்க, படித்தறிய, திருத்த, பிறருக்குக் கொடுக்க என 4 உரிமைகள் எல்லோருக்கும் உண்டு. விலைக்கு வாங்கினாலும் அவை போகமாட்டா. தானமென்று கற்ற பிள்ளை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். உரிமையென்று கற்ற பிள்ளை தானும் திருத்தத் துணியும்.

ஆகவே, 'கட்டற்ற மென்பொருள்' என்றே சொல்லுங்கள். நாம் சொன்னதற்காக அல்ல. உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மாத்திரமே.