ஏட்டில் இருப்பதெல்லாம் மருந்தா?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நம் லயங்களில் என்ன செய்வார்கள்? பாட்டி நிலவேம்புக் கஷாயம் கொடுப்பார். பூசாரி கயிறு மந்திரித்துக் கட்டுவார். காய்ச்சல் விட்டதும், "கயிறு வேலை செஞ்சிடுச்சு"ன்னு சொல்லுவாங்க. கயிறா, கஷாயமா, தானாகவே விட்டதா? இதை யாரும் கேட்பதில்லை. இன்று நாம் கேட்டுப் பார்ப்போம்.

மணி, மந்திரம், மருந்து என்று மூன்றையும் சேர்த்தே சொன்னவர்கள் நம் முன்னோர்கள். பழைய வைத்திய ஓலைச்சுவடிகளைப் புரட்டினால் ஓர் ஏட்டில் சுக்கு, மிளகு, திப்பிலி. அடுத்த ஏட்டில் செப்புத் தகட்டில் கீற வேண்டிய எந்திரம். இரண்டையும் ஒரே எழுத்தாணிதான் எழுதியது.

இது நம்மவர் மூடத்தனம், வெள்ளைக்காரர் அப்படி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கிலாந்தின் பழைய கையெழுத்துப் பிரதிகளிலும் இதே கதைதான். 'அப்ரகடப்ரா' என்ற சொல்லை வரிக்கு ஓர் எழுத்தாகக் குறைத்து, முக்கோணமாக எழுதிக் கழுத்தில் கட்டிக்கொண்டால் காய்ச்சல் இறங்கும் என்று நம்பினார்கள். எலியாஸ் ஆஷ்மோல் பெரிய படிப்பாளி. ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரே 1681-இல், முறைக்காய்ச்சலுக்கு மூன்று சிலந்திகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக் குணமானதாகத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அன்று காலை ஒரு மருந்தும் குடித்திருந்தார் என்பதையும் அதே குறிப்பு சொல்கிறது! நம் சிலாங்கூரில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி வால்டர் ஸ்கீட், மலாய்க்காரர்களின் மந்திரங்களைத் திரட்டி 1900-இல் நூலாக வெளியிட்டார். ஆக, எல்லா இனத்தாரும் ஒரே ஓடத்தில் வந்தவர்கள்தாம்.

அப்படியானால் அத்தனையையும் தூக்கி எறிந்துவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

1775-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவரிடம் ஒரு கிழவியின் கைமருந்து வந்தது. உடம்பில் நீர்கோத்து வீங்கும் நோய்க்கு அது கொடுக்கப்பட்டது. அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். வேலை செய்வது ஒன்றே ஒன்று என்று கண்டுகொண்ட அவர், அந்தச் செடியைப் பத்தாண்டு சோதித்து, அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு என்பதையும் சேர்த்து 1785-இல் நூல் எழுதினார். இதய நோய்க்கு இன்றும் கொடுக்கும் ஒரு மருந்து அவ்வழி வந்ததே.

நம்மவரும் சோதித்தார்கள். 1798 முதல் 1832 வரை தஞ்சையில் மன்னராயிருந்த இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையம் அமைத்தார். அங்கே கையாண்டு பயன் கண்ட முறைகளைப் பாடல்களாக்கி வைத்தார்கள். அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் அச்சிலும் வந்தன.

பக்கத்திலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் சித்த வைத்தியர்கள் தோல் நோய்களுக்கும் குட்டத்துக்கும் நீரடிமுத்து என்ற விதையைக் கையாண்டார்கள். 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில் அந்த இனத்து விதை எண்ணெயைத்தான் மருந்தாகக் கொடுத்தார்கள். பிறகு அதைவிடச் சிறந்த டாப்சோன் வந்தது, எண்ணெய் ஒதுங்கியது. நல்லது வந்தால் பழையதை விட்டுக் கொடுப்பதும் அறிவுதான்.

தோட்டப் பெருமக்களே, இதை மட்டும் மனத்தில் வையுங்கள். செம்பனைக் காட்டில் பாம்பு கடித்துவிட்டால் மந்திரிக்க ஓடாதீர்கள். கடிக்கிற பாம்பெல்லாம் விஷப் பாம்பு அல்ல. விஷப் பாம்பும் ஒவ்வொரு கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை. அப்படிப் பிழைத்தவர்களால்தான் மந்திரத்துக்குப் பெயர் வந்தது. விஷம் ஏறியவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரி ஊசி. கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், ஆளை நடக்க விடாதீர்கள். உடனே கொண்டு போங்கள். சாமி கும்பிடுவதை வண்டியில் ஏறிய பிறகும் செய்யலாம். அதுபோலவே, பாதரசம் சேர்ந்த செந்தூரத்தை ஆள் தெரியாமல், அளவு தெரியாமல் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், சிறுநீரகம் கெட்டுப்போகும்.

மாணவமணிகளே, உங்களுக்கு ஒரு வேலை. ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். பாட்டி சொல்லும் மருந்தை எழுதுங்கள்: செடியின் பெயர், இலையா வேரா, எவ்வளவு, எந்த நோய்க்கு, சொன்னவர் யார். மந்திரம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அது மருந்தாகாவிட்டாலும் நம் மக்கள் எதற்கெல்லாம் அஞ்சினார்கள் என்பதைக் காட்டும். எழுதியதை டாக்டரைக் கேட்காமல் தின்று பார்க்க வேண்டாம்! ஓலையைப் பூச்சி தின்னும் என்று நம் முன்னோர் மறுபடி மறுபடி படியெடுத்தார்கள். பாட்டியின் ஞாபகத்துக்குப் படியெடுக்க உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

எழுதி வையுங்கள், கேள்வியும் கேளுங்கள். பரிசு பெறும் அனைவருக்கும் என் வாழ்த்துகள்.