நாயை அடியாமல் பழக்குதல்

(மல்லாங்கிணற்றில் கூடிய ஆடு வளர்ப்போர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கடன், பங்குத் தொகை, தவணை என்னும் இம்மூன்றையுமே என் வாயினின்றும் கேட்டுப் பழகிய தாங்கள், இன்று நான் நாயைப் பற்றிப் பேச எழுந்திருப்பதைக் கண்டு நகைக்கக் கூடும். நகைப்பதில் குற்றமில்லை. ஆயினும், நாய்களோடு என்னைப் போல் பரிச்சயமுள்ள உத்தியோகஸ்தர் இந்தப் பக்கத்தில் வேறொருவர் இருப்பாரென்று நான் எண்ணவில்லை. தவணை கேட்டு ஒரு வாசலில் போய் நின்றால் என்னை முதலில் எதிர்கொள்பவர் வீட்டுக்காரர் அல்லர். அவர் கொல்லைப்புறமாகப் போய்விட்டிருப்பார். எதிர்கொள்வது அவருடைய நாயே. இந்த வகையில் நான் இழந்த வேஷ்டிகளின் கணக்கை எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுத இடமில்லை.

விஷயத்திற்கு வருகிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காடுகளில் மழை தப்பினால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை, மல்லியும் இல்லை. அப்போது குடும்பத்தைத் தாங்குவது ஆடு. சங்கத்தில் வாங்கிய கடனுக்கு உண்மையான ஈடும் அதுவே. அந்த ஈடோ, பூட்டிய அறையில் இல்லை. இரவெல்லாம் பிறர் புன்செயில் திறந்த வெளியில் கிடையாகப் படுத்திருக்கிறது. நரிக்கும் திருடனுக்கும் அதற்கும் இடையில் இருப்பது ஒரு நாய். ஆதலால் நாயின் குணம் நமது சங்கத்தின் வரவு செலவைச் சேர்ந்த விஷயமே என்று சொல்லத் துணிகிறேன்.

'அடியாத மாடு படியாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. மாட்டைப் பற்றி நான் பேச வரவில்லை. நாயைப் பொறுத்தவரை அப்பழமொழி பொய் என்பதை நான் என் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான்கு வருஷங்களுக்கு முன்பு இரண்டு மாதத்துச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று எனக்குக் கிடைத்தது. மணி என்று பெயரிட்டேன். எட்டாம் மாதத்தில் அது காட்டில் ஒரு முயலைக் கண்டு ஓடிவிட்டது. நான் தொண்டை வற்றக் கூப்பிட்டேன், வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து நாக்கைத் தொங்கவிட்டுக் கொண்டு, வாலை ஆட்டிக் கொண்டு, தானாகவே என் காலடிக்கு வந்து நின்றது. நான் பருத்திமார் ஒன்றை உருவி, நன்றாக அடித்தேன். ஓடியதற்குத் தண்டனை கொடுத்தேன் என்பது என் எண்ணம். நாயின் எண்ணம் என்ன? அது கடைசியாகச் செய்த காரியம் ஓடியது அன்று, என்னிடம் வந்தது. வந்ததற்கே அடி விழுந்தது என்று அது கணக்கு எழுதிக் கொண்டது. அடுத்த தடவை கூப்பிட்டபோது பத்து முழத் தூரம் வரை வந்து நின்றுவிட்டது. அதைத் திமிர் என்று கொண்டு, எட்டிப் பிடித்து மேலும் அடித்தேன். சில நாட்களில் அது என்னைக் கண்டு உறுமத் தொடங்கியது. உறுமியதற்கும் அடித்தேன். உறுமல் நின்றது. வெற்றி பெற்றதாக மகிழ்ந்தேன்.

ஒரு நாள் காலையில் ஆறு வயதான என் மகள் கோழியை விரட்டுவதற்காக முற்றத்தில் கிடந்த பருத்திமாரைக் கையில் எடுத்தாள். அவள் நாயின் பக்கம் திரும்பக்கூட இல்லை. மணி ஓசையின்றி எழுந்து அவள் முழங்கையின் கீழ் கடித்துவிட்டது. கடிப்பதற்கு முன் உறுமியிருந்தால் குழந்தை விலகியிருப்பாள். அந்த எச்சரிக்கையை அடித்து ஒழித்தவன் நானே. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொண்டு திரும்பும் வழியில் என் மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டு வாசலில், "அதைக் கடிக்கப் பழக்கியது யார்?" என்று மாத்திரம் கேட்டாள்.

அக்கம் பக்கத்தார் நாயை விஷம் வைத்துக் கொல்லச் சொன்னார்கள். நானும் ஏறக்குறைய சம்மதித்துவிட்டேன். அச்சமயம் கண்மாய்க் கரையை அடுத்த புன்செயில் கிடை மறித்திருந்த வயோதிகக் கீதாரி ஒருவர் வந்து பார்த்தார். "ஐயா, இது உறுமுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "உறுமாத நாய்தான் பொல்லாதது, நீங்கள் அதன் வாயைக் கட்டிவிட்டீர்கள், பல்லைக் கட்டவில்லை. எனக்குக் கொடுங்கள்" என்றார்.

அவர் செய்ததை நான் வாரந்தோறும் போய்க் கவனித்தேன். முதல் பத்து நாள் அவர் ஒன்றுமே செய்யவில்லை. ஆடுகளும் குழந்தைகளும் இல்லாத ஓரத்தில் நீளக் கயிற்றில் கட்டி, எட்டத்தில் முகத்தைத் திருப்பிக் கொண்டு உட்கார்ந்து, கம்பஞ்சோற்று உருண்டைகளை ஒவ்வொன்றாக அதன் பக்கம் எறிவார். அது தானாக நெருங்கி வந்தபின், 'மணி' என்று ஒரே தடவை சொல்வார். சொன்னவுடன் ஒரு துணுக்கு ஈரல். பத்துத் தடவை கூவ மாட்டார். வராது என்று தெரிந்த சமயத்தில் கூப்பிடவே மாட்டார். கட்டுவதற்காகவோ, அதன் விளையாட்டை நிறுத்துவதற்காகவோ அழைக்க வேண்டியிருந்தால் தாமே நடந்து போய்க் கயிற்றைப் பிடித்துக் கொள்வார். தம் வாயிலிருந்து வரும் அப்பெயருக்குப் பின்னால் கெட்டது எதுவும் நடக்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம்.

நான் மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். அவர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். பிறகு புஸ்தகங்களைத் தேடிப் பார்த்தபோதுதான் அவர் கையாண்ட முறைக்கும் சாஸ்திரிகள் கண்டதற்கும் பேதமில்லை என்று தெரிந்தது. அமெரிக்காவில் தார்ண்டைக் என்பவர் 1898-ல் பூனைகளைப் பெட்டியில் அடைத்து, எந்தச் செய்கைக்குப் பின் இன்பம் கிடைக்கிறதோ அது பிராணியிடம் நிலைக்கிறது என்று காட்டினார். ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்ற ருஷ்யப் பண்டிதர் பாவ்லாவ், சோற்றுக்கு முன் ஒரு குறிப்பைக் காட்டிவந்தால் நாளடைவில் அக்குறிப்புக்கே நாயின் வாயில் எச்சில் ஊறும் என்பதை நிரூபித்தார். எச்சில் மாத்திரமா ஊறுகிறது? பயமும் அப்படியே ஊறும். என் வீட்டில் பருத்திமார் அந்தக் குறிப்பாயிற்று.

முதல் உலக யுத்தத்தில், 1917-ல், இங்கிலாந்தில் ரிச்சர்ட்ஸன் என்ற ராணுவ அதிகாரி செய்தி கொண்டுபோகும் நாய்களைப் பழக்கப் பள்ளி ஒன்று நடத்தினார். யுத்த முனையில் அவிழ்த்துவிட்ட நாய், வெடிச் சத்தத்தினூடே தன்னை வளர்த்தவனைத் தேடி ஓடிவர வேண்டும். கோலுக்குப் பயந்த நாய் கோல் இருக்கும் திசைக்கு ஏன் ஓடிவரப் போகிறது? ஆகையால் அவர் தம் பள்ளியில் கடுமையை விலக்கி, அன்பையும் உணவையுமே கொண்டு பழக்கினார். ராணுவத்துக்கே அடி உதவவில்லை என்றால் நமது கிடைக்கு உதவுமா?

'நாய் ஓநாயின் ஜாதி. எஜமானன் தலைமை ஓநாயைப் போல் அதை அடக்கி வைக்க வேண்டும்' என்று படித்தவர்கள் சிலர் வாதிப்பதுண்டு. அந்த அபிப்பிராயம் பெரும்பாலும், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து 1947-ல் ஷெங்கல் என்பவர் எழுதியதிலிருந்து கிளம்பியது. காட்டிலே ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பமே என்று, முன்பு அதே அபிப்பிராயத்தைப் பரப்பியிருந்த மீச் என்ற அமெரிக்க அறிஞரே 1999-ல் எழுதித் திருத்திவிட்டார். நம்மவர்களுக்குத்தான் இன்னும் செய்தி வந்து சேரவில்லை.

இனி, குட்டியைப் பழக்கும் முறை. தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்க வேண்டாம். மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரையில் குட்டி எதைக் கண்டு பழகுகிறதோ அதையே உலகமென்று கொள்ளும். கிடைக்கு வேண்டிய குட்டியை அந்தப் பருவத்திலேயே ஆட்டுக்குட்டிகளோடு பழகவிட வேண்டும். குழந்தைகள், தலைச்சுமைக்காரர், குடை பிடித்தவர், மோட்டார் சைக்கிள் யாவற்றையும் தொலைவிலிருந்து, தின்பண்டத்தோடு காட்ட வேண்டும். கூட்டுறவு இன்ஸ்பெக்டரையும் காட்டினால் நன்றியுடையவனாவேன்.

உட்காரப் பழக்குவதற்கு முதுகை அழுத்த வேண்டியதில்லை. துணுக்கை மூக்கின் நேரே பிடித்துத் தலைக்கு மேலாகப் பின்னுக்குக் கொண்டுபோனால் பின்பாகம் தானே தரையில் அமரும். அமர்ந்த நொடியிலேயே துணுக்கு வாயில் விழ வேண்டும். நாலு மூச்சு தாமதித்தால் அது எழுந்ததற்குக் கொடுத்ததாகும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் பாடம் வேண்டாம். ஐந்தாறு மாதத்தில் குட்டி ஆட்டின் காதைப் பிடித்து இழுத்து விளையாடும். இதைக் கண்டுதான் பலர் தடியை எடுக்கிறார்கள். தடி வேண்டாம். நீளக் கயிற்றில் கட்டுங்கள். விளையாட்டுக்கு இணங்காத பெரிய ஆடுகளோடு விடுங்கள். ஆட்டின் அருகில் சாதுவாகப் படுத்திருக்கும் சமயம் பார்த்து ஒரு துணுக்கு போடுங்கள். நாம் நாயைக் கவனிப்பது அது தவறு செய்யும் நேரத்தில் மாத்திரமே. சும்மா படுத்திருக்கும் நாய்க்கு எவரும் கூலி கொடுப்பதில்லை.

மேலே தாவுகிற நாயைக் காலால் உதைப்பதைவிட, முகத்தைத் திருப்பிக் கொள்வது மேல். நான்கு காலும் தரையில் பட்டவுடன் கவனியுங்கள். கோழி பிடிக்கிற நாயைக் கோழிக் கூட்டண்டை அவிழ்த்துவிட்டு விட்டுப் பின்பு அடிப்பது, அரிசி மூட்டையைத் தெருவில் வைத்துவிட்டுத் திருடனைத் தேடுவது போலாகும்.

நமது ஜில்லாவுக்குப் பெருமை தரும் ராஜபாளையம் நாயைப் பற்றி ஒரு வார்த்தை. இந்திய அரசாங்கம் 2005-ல் அதன் உருவத்தைத் தபால் தலையில் அச்சிட்டது. உடல் முழுதும் வெள்ளையாகப் பிறக்கும் இவ்வகையில் சில குட்டிகள் பிறவிச் செவிடாக இருக்கும். நிறத்தைத் தராத அதே குணமே உட்செவியையும் கெடுத்துவிடுகிறது. இந்தக் குட்டி கூப்பிட்டால் வராது. பின்னால் நின்று அதட்டினால் திரும்பாது. 'அடங்காத நாய்' என்று பெயர் பெற்று, காது கேளாத குற்றத்துக்காக ஆயுள் முழுவதும் அடி வாங்கும். தூங்கும்போது பின்னாலிருந்து ஒரு பாத்திரத்தைத் தட்டிப் பாருங்கள். செவிடாயின் கைஜாடையால் பழக்குங்கள். அது கைஜாடையை விரைவாகக் கற்கும்.

கோபம் வருவதற்கென்று காதை நறுக்குவதும், சூடு போடுவதும், மிளகாய்ப் பொடி கலந்த சோறிடுவதும் சில இடங்களில் உண்டு. இவற்றால் காவல் வளராது. வலியும் பயமுமே வளரும். பயந்த நாய் திருடனையும் குழந்தையையும் பிரித்தறியாது. பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் 1960-ம் வருஷத்துச் சட்டம், அடிப்பதையும் நெடுநேரம் குறுகிய சங்கிலியில் கட்டிவைப்பதையும் குற்றமென்கிறது. முதற் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் ஆகும். இத்தொகைக்குப் பயந்து எவரும் திருந்தப் போவதில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

நாலடியார் நாயின் நட்பை யானையின் நட்புக்கு மேலாக வைக்கிறது; எறிந்த வேல் உடலில் இருக்கும்போதும் அது வால் குழைக்குமாம். மெய்தான். ஆனால் அந்த வாலைப் பார்த்தே, அடித்தது ஒன்றும் செய்யவில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். அண்டையிலுள்ள திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமண மகரிஷி, தம் ஆசிரமத்து நாய்களுக்கு முதலில் சோறிடச் செய்தார் என்பர். ஜாக்கி என்ற நாயின் சமாதி இன்றும் திருவண்ணாமலையில் லக்ஷ்மி என்ற பசுவின் சமாதியருகே இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளை காட்டிய வழக்கம் அது.

நிற்க. வெறிநோய் கண்ட நாய்க்கு அன்பும் மருந்தன்று, அடியும் மருந்தன்று. மூன்றாம் மாதத்தில் கால்நடை ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டுப் பிறகு தவறாமல் தொடருங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுண்ணாம்பும் மந்திரமும் வேண்டாம்.

மணியின் கதையை முடிக்கிறேன். கீதாரி ஐந்து மாதம் வைத்திருந்தார். இப்போது அது அவருடைய கிடையில் காவல் இருக்கிறது. அந்நியர் வந்தால் முதலில் உறுமுகிறது. அந்த உறுமலைக் கேட்கும்போது எனக்குண்டாகும் சந்தோஷத்தைத் தாங்கள் அறிவீர்கள். நான் கூப்பிட்டால் இன்னும் பத்து முழத்தில் நின்றுவிடுகிறது. என் மகள் போன மாதம் வேலிக்கு இப்புறம் நின்று ஓர் உருண்டையை எறிந்தாள், தின்றது. இருவரும் அதற்கு மேல் நெருங்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

கீதாரி அவர்கள் மணியைக் கூட்டத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார். அழைத்தால் வருவதையும் ஆட்டின் அருகே படுப்பதையும் இப்போது காட்டுவார். முன் வரிசையில் தொரட்டியும் கம்பும் வைத்திருக்கும் பெரியோர்கள் தயவுசெய்து அவற்றைப் பின்னால் கிடத்திவிடும்படி கேட்டுக் கொள்கிறேன். ஓங்கிய கோலை அது இன்னும் மறக்கவில்லை.