கைப்பேசித் திரையில் கைவிடப்படும் அமானிதம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நிர்வாகத்தார் இவ்வாண்டு நமக்களித்த தலைப்பு பள்ளிவாசல் மேடைக்குச் சற்றுப் புதியது. நேரில் ஒருபோதும் சந்தித்திராத, தொட்டறியாத, சில வேளைகளில் முகத்தைக்கூடக் கண்டிராத ஒருவருடன் கணினியிலோ கைப்பேசியிலோ ஒரு கணவனோ மனைவியோ கொள்ளும் காதலுறவு துரோகமாகுமா என்பதே அது. “எதுவும் நடக்கவில்லையே, வெறும் எழுத்துதானே” என்பது ஒரு சாராரின் வாதம். “எல்லாம் விபச்சாரமே” என்பது இன்னொரு சாராரின் தீர்ப்பு. இரண்டுமே அவசரப் பேச்சு என்பது நம் கருத்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

இக்கேள்வி உலக நாளேடுகளில் அடிபட்டது ‘செகண்ட் லைஃப்’ என்னும் மெய்நிகர் உலகத்தை முன்னிட்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரைச் சேர்ந்த லிண்டன் லேப் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அதனைத் தொடங்கியது. அதில் நுழைபவர் தமக்கென ஓர் உருவத்தை அமைத்துக்கொள்கிறார். அதற்கு ‘அவதார்’ என்று பெயர். வழுக்கை விழுந்தவர் இளைஞராகலாம், குட்டையானவர் நெடியவராகலாம். அங்கே நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், கடை வைக்கலாம். லிண்டன் டாலர் என்ற தனி நாணயமே உண்டு. அதனை மெய்யான டாலராக மாற்றவும் இயலும். திருமணமும் நடக்கும்.

2007-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளேடு அரிசோனா மாநிலத்து மனிதர் ஒருவரைப் பற்றி எழுதியது. வயது 53. வீட்டில் மனைவி இருக்கிறார். இவரோ செகண்ட் லைஃப் உலகில், கனடாவில் வாழும் ஒரு பெண்ணின் அவதாரை மணந்திருந்தார். இருவரும் நேரில் சந்தித்ததில்லை, தொலைபேசியில்கூடப் பேசியதில்லை. ஆனால் அவ்வுலகில் அவர்களுக்கு வீட்டுக் கடன் தவணை உண்டு, இரண்டு நாய்கள் உண்டு, மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் உண்டு. இவருக்கு இது விளையாட்டு. மெய்யான மனைவிக்கோ அதே அறையில் கணவன் இருந்தும் இல்லாத நிலை. அவரிடமிருந்து பறிபோனது கணவனின் உடலன்று. பொழுதும் பேச்சும் கவனமும் பறிபோயின. திருமணத்தில் இவை அற்பமானவை என்று யார் கூற முடியும்?

அடுத்த ஆண்டு, 2008 நவம்பரில், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த ஒரு தம்பதியின் மணவிலக்குச் செய்தி உலகெங்கும் பரவியது. இணையத்தில் அறிமுகமாகி, பதிவு அலுவலகத்தில் 2005-இல் மணந்தவர்கள். செகண்ட் லைஃபிலும் ஒரு திருமணத்தை ஆடம்பரமாக நடத்திக்கொண்டார்கள். கணவனின் அவதார் வேறொரு பெண் அவதாருடன் தகாத நிலையில் இருப்பதை மனைவி ஒரு நாள் கண்டார். பின்னர், அவ்வுலகிலேயே தொழில் நடத்தும் துப்பறிவாளர் ஒருவரை அமர்த்திக் கணவனைச் சோதித்தார். கணவன் அச்சோதனையில் தேறிவிட்டார்! ஆனால் அதன்பிறகு ஒரு நாள், கணவனின் அவதார் இன்னொரு பெண் அவதாருடன் ஒரு சாய்விருக்கையில் அன்பாகச் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தது. மணவாழ்வை முறித்தது இக்காட்சிதான்.

முதலில் கண்டது அப்பட்டமான ஆபாசம். அதனை அந்தப் பெண்மணி எப்படியோ கடந்துவிட்டார். பின்னர் கண்டதில் ஆபாசம் ஏதுமில்லை, வெறும் கனிவுதான். அந்தக் கனிவைத்தான் அவரால் பொறுக்க இயலவில்லை. தனக்குரியது என்று நம்பியிருந்த ஒன்று வேறொருத்திக்குப் போவதை அவர் அங்கே கண்டார். “தொடவில்லையே” என்று வாதாடும் சகோதரர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கட்டும்.

அந்நாளைய ஆங்கிலச் சட்டத்தின்படி உடலுறவு இருந்தால் மட்டுமே பிறன்மனை உறவு என்று குற்றஞ்சாட்ட முடியும். ஆதலால், சகித்துக்கொள்ள இயலாத நடத்தை என்ற காரணமே அவ்வழக்கிற்குப் பொருந்தி வந்தது. (2022 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் யார்மீதும் குற்றம் சாட்டாமலேயே மணவிலக்குப் பெறலாம் என்பது வேறு விஷயம்.)

நம் நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு உடலுறவை மட்டுமே கணக்கில் கொண்டது. அதனையும் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று நீக்கிவிட்டது. 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அளித்த இரு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் படித்தல் நன்று. ஒன்றில், உடலுறவின்றி மனைவி வேறொருவர் மீது அன்பு கொண்டிருந்தாலும் அது பிறன்மனை உறவாகாது. ஆகவே அக்காரணத்தால் ஜீவனாம்சத்தை மறுக்க இயலாது என்றது. மற்றொன்றில், மணமான பின் கணவனோ மனைவியோ மற்றவரின் எதிர்ப்பையும் மீறிப் பிறருடன் ஆபாசமாகக் கைப்பேசியில் உரையாடினால் அது மனக்கொடுமை என்று கூறி மணவிலக்கை உறுதிசெய்தது. முரண்போலத் தோன்றும். முரணன்று. ஒரு குறிப்பிட்ட குற்றத்தின் பெயர் வேறு. வாழ்க்கைத் துணைக்கு இழைக்கப்பட்ட கொடுமை வேறு.

நமது மார்க்கம் இவ்வேறுபாட்டை மிகத் தெளிவாகவே வைத்திருக்கிறது. விபச்சாரக் குற்றத்தை நிறுவ நான்கு சாட்சிகள் வேண்டும். கற்புள்ள பெண்மீது சாட்சியின்றி அப்பழியைச் சுமத்தினால் எண்பது கசையடி என்கிறது திருமறையின் 24-ஆவது அத்தியாயம். ஆகவே, யாரோ ஒருவரின் வாட்ஸ்அப் செய்திகளைக் கண்டுவிட்டு அந்தக் கடுஞ்சொல்லை வீதியில் நின்று வீசுபவர், தாம் எத்தகைய பாவத்தின் விளிம்பில் நிற்கிறோம் என்பதை உணரவேண்டும். அதே வேளையில், கண்ணுக்கும் நாவுக்கும் உள்ளத்துக்கும் அத்தீமையில் பங்குண்டு என்னும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. தண்டனைக்குரிய செயல் என்று கூறாமலேயே, அதனை நோக்கிய நடை என்று மார்க்கம் அதனை இனங்காட்டிவிட்டது. நிக்காஹ் ஓர் உறுதியான உடன்படிக்கை. கணவனும் மனைவியும் ஒருவர் மற்றவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தில் கைவைப்பதற்கு உடல் தேவையில்லை.

இது மேல்நாட்டார் கதைதானே, நம் ஊருக்கு என்ன என்று கேட்கலாம். நமது பகுதியில் செகண்ட் லைஃப் என்ற பெயரை அறிந்தவரே குறைவு. ஆயினும் இக்கேள்வி வேறெவரையும்விட நமக்கே நெருக்கமானது என்று நாம் கருதுகிறோம்.

நமது மஹல்லாவில் சபராளிகள் இல்லாத தெரு உண்டா? மணமுடித்த நாற்பதாம் நாள் விமானம் ஏறுகிறவர் இருக்கிறார். இரண்டாண்டு ஒப்பந்தம், பின்னர் இரண்டு மாத விடுப்பு, மீண்டும் இரண்டாண்டு. இவ்வாறு இருபது ஆண்டுகள் உழைத்தவர் தம் மனைவியுடன் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த காலத்தைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு ஆண்டுகூடத் தேறாது. எஞ்சிய காலமெல்லாம் அக்குடும்பம் எங்கே நடந்தது? முற்காலத்தில் கடிதத்திலும் பேசிப் பதிவுசெய்து அனுப்பிய ஒலிநாடாவிலும் நடந்தது. பின்னர் தெருமுனைத் தொலைபேசி நிலையத்தில் நடந்தது. இன்று இமோவிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கிறது. பிள்ளை முதன்முதலாக ‘அத்தா’ என்று அழைத்ததை ஷார்ஜாவிலோ ரியாத்திலோ இருந்தபடி திரையில்தான் தந்தை கேட்டார். வீடு கட்டும் கணக்கும், மாமியார் மருமகள் மனத்தாங்கலும், இரவு நேரத்து ஆறுதல் வார்த்தையும் அத்திரையின் வழியேதான் சென்று சேர்ந்தன.

இவற்றையெல்லாம் நாம் மெய்யான இல்லறம் என்றுதானே கொள்கிறோம்? தொடமுடியாத தொலைவில் இருந்ததனால் அது பொய்யான திருமணம் என்று எவரும் கூறவில்லையே! அவ்வாறாயின், அதே திரையில், அதே நள்ளிரவில், அதே கனிந்த சொற்களை வேறொருவருக்கு அனுப்பினால் மட்டும் “அது வெறும் திரைதானே” என்று எவ்வாறு கூற இயலும்? எந்தக் கயிற்றால் குடும்பம் கட்டப்பட்டிருக்கிறதோ அந்தக் கயிறுதான் அங்கே அறுக்கப்படுகிறது. ஒரே வீட்டில் வாழும் தம்பதிக்கு வேறு பல கயிறுகள் இருக்கலாம். சபராளியின் குடும்பத்துக்கு இருப்பது அது ஒன்றுதான்.

இதனைப் பேசும்போது ஊரில் இருக்கும் பெண்களைக் கண்காணிப்பது பற்றியே பலரும் ஆலோசனை கூறுகின்றனர். இது நீதியன்று. பாலைவனத்தில் எட்டுப் பேர் தங்கும் அறையில் போர்வைக்குள் கைப்பேசியை வைத்திருக்கும் ஆணுக்கும் இதே அளவுகோல்தான். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணங்கள் முறிவுச் சட்டம், கணவன் கெட்ட பெயருடைய பெண்களுடன் பழகுவதையோ இழிவான வாழ்க்கை நடத்துவதையோ கொடுமையின் வகைகளுள் ஒன்றாக வைத்து, மனைவி மணமுறிவு கோரலாம் என்கிறது. திரையில் நிகழும் பழக்கத்தை அச்சட்டம் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. எனினும், ஆணின் தவற்றைப் பெண் முறையிடும் உரிமை அன்றே எழுத்தில் இருக்கிறது.

கண்காணிப்பு என்றதும் இன்னொன்று. துருவித் துருவி ஆராய்வதைத் திருமறையின் 49-ஆவது அத்தியாயம் தடுக்கிறது. ஜப்பானில் 2008-இல் ஒரு நிகழ்வு. ‘மேப்பிள் ஸ்டோரி’ என்னும் இணைய விளையாட்டில் தன் ‘கணவன்’ முன்னறிவிப்பின்றி ‘மணவிலக்கு’ச் செய்துவிட்டதால் சினமுற்ற 43 வயதுப் பெண்மணி, முன்பு பெற்றிருந்த கடவுச்சொல்லைக் கொண்டு அவரது கணக்கில் நுழைந்து அந்த அவதாரை அழித்துவிட்டார். இருவரும் நேரில் கண்டதே இல்லை. திருமணம் கற்பனை, மணவிலக்கு கற்பனை, அழிந்ததும் கற்பனை உருவம். ஆனால் அத்துமீறி நுழைந்த குற்றத்துக்காக அவரைக் காவல்துறை கைது செய்தது மெய். கணவனின் கைப்பேசியை உறங்கும்போது திறக்கும் மனைவிக்கும், மனைவியின் கைப்பேசியில் ஒற்றுச் செயலியை நிறுவும் கணவனுக்கும் இதில் பாடம் உண்டு.

மறுமுனையில் மனிதரே இல்லாவிட்டால் என்ன செய்வது? இதுவும் வந்துவிட்டது. மணமானவர்களின் கள்ள உறவுக்கென்றே கனடாவிலிருந்து நடத்தப்பட்ட ஆஷ்லி மேடிசன் தளத்தின் விவரங்கள் 2015-இல் திருடப்பட்டு வெளியாயின. ஏறத்தாழ 3 கோடியே 70 இலட்சம் கணக்குகள். அங்கே ஆண்களுக்குக் காதல் செய்தி அனுப்பிய ‘பெண்’களில் பலர் நிறுவனமே புனைந்த போலிகள் என்பது பின்னர் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் தொடுத்த நடவடிக்கையில் அம்பலமாயிற்று. அப்படியானால் அந்த ஆண்கள் துரோகம் செய்யவில்லையா? இல்லாத பெண்ணுக்காக இருக்கும் மனைவியிடம் பொய்யுரைத்தார்கள். காசு மெய், பொய் மெய்.

இன்று செயற்கை நுண்ணறிவுத் துணைகள் வந்துவிட்டன. ‘ரெப்லிகா’ என்னும் செயலி 2023 பிப்ரவரியில் தன் காதல் உரையாடல்களைத் திடீரென நிறுத்தியபோது, துணையை இழந்தவர்போல் அழுதவர்கள் உண்டு. இதில் நமது உலமாக்கள் இன்னும் ஆழ்ந்து ஆராயவேண்டும் என்றே கூறுவோம். இயந்திரத்துடன் பேசுபவர் மனைவிக்குரிய பொழுதையும் கனிவையும் அதற்குக் கொடுக்கிறாரா, அதனை மறைக்கிறாரா என்று கேட்டுப் பார்ப்பது தொடக்கத்துக்குப் போதும். மறைத்தல் என்பது பெரும்பாலும் நல்ல அளவுகோல். மனைவி அறைக்குள் வந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கும் கைக்கு விடை தெரிந்தேயிருக்கிறது.

இனி ஜமாஅத்தின் பணிக்கு வருவோம். அண்மைக்காலமாகப் பஞ்சாயத்துக்கு வருவோர் திரைப்படப் பிடிப்புகளை அச்சிட்டுக் கொண்டுவருகின்றனர். அத்தகைய படங்களைப் போலியாக ஆக்குவது இன்று சிறுவனுக்கும் எளிது. எனவே அவற்றை மட்டும் வைத்து எவரையும் குற்றவாளி எனத் தீர்மானித்தல் கூடாது. இமாம் அவர்களும் பொறுப்பாளர்கள் இருவரும் தவிர வேறு எவரும் அவற்றைக் காணக்கூடாது. எவர் கைப்பேசிக்கும் அவை செல்லக்கூடாது. விசாரணை முடிந்ததும் அழிக்கப்படவேண்டும். பெண்களின் முறையீட்டை முதலில் கேட்க மூத்த சகோதரிகள் இருவரை நியமிக்கலாம். வார்த்தை அளவில் தவறியவர் திருந்தி வருவதற்கு வழி திறந்திருக்கவேண்டும். முதல் கூட்டத்திலேயே தலாக், குலா என்ற பேச்சு எழலாகாது. நிக்காஹ் பதிவேட்டில் கையொப்பமிட வரும் மணமக்களிடம், பிரிந்து வாழும் காலத்தில் கைப்பேசியில் எதனை நம்பிக்கைத் துரோகமாகக் கருதுவார்கள் என்று இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளச் செய்வதும் நலம். மஹருக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக் காட்டினாலே போதும்.

இவற்றை வரைவுத் தீர்மானமாக எழுதி நிர்வாகத்தாரிடம் ஒப்படைத்துள்ளோம். மாற்றுக் கருத்துடையோர் அடுத்த பொதுக்குழுவுக்கு முன்னதாக எழுத்து மூலம் அலுவலகத்தில் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்போர் குரல்பதிவாக அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளப்படும்.

வஸ்ஸலாம்.