பார்வையற்ற பிள்ளையை மூலையில் உட்கார வைக்காதீர்கள்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





பார்வையற்ற ஒருவர் இனிமையாக ஓதினால், "கண்ணை எடுத்த அல்லாஹ் காதைக் கொடுத்திருக்கிறான்" என்கிறோம். மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தக் காது எப்படி உருவானது என்று யோசித்தால், நம் கடமை என்ன என்பதும் தெரியவரும்.

எகிப்து நாட்டின் ஷெய்கு முஹம்மது ரிஃபஅத், 1882-இல் கெய்ரோவில் பிறந்தவர். பச்சைப் பிள்ளையாக இருக்கும்போதே பார்வை போய்விட்டது. வீட்டார் அவரை முடக்கி வைக்கவில்லை, ஓத அனுப்பினார்கள். சிறு வயதிலேயே ஹாபிழானார். 1934-இல் எகிப்து வானொலி தொடங்கியபோது அவருடைய கிராஅத்தோடுதான் தொடங்கியது. அவர் 1950-இல் வஃபாத்தானார். ஆனாலும் ரமலானில் மஃரிபு நேரத்தில் அவருடைய பாங்கு எகிப்தில் இன்றும் ஒலிபரப்பாகிறது.

அறிவியல் என்ன சொல்கிறது? பார்வையைக் கவனிக்கும் மூளைப்பகுதி நம் பிடரிப் பக்கம் இருக்கிறது. கண்ணிலிருந்து செய்தி வராவிட்டால் அது சும்மா கிடப்பதில்லை. சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் விரலால் பிரெயில் படிக்கும்போது அந்தப் பகுதி இயங்குவதை, 1996-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. காதால் கேட்பதற்கும், மனப்பாடம் செய்ததை நினைவுக்குக் கொண்டுவருவதற்கும்கூட அது துணை நிற்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

எந்தச் சுரத்தைக் கேட்டாலும், வேறொன்றோடு ஒப்பிடாமலே இன்னதென்று சொல்லும் ஆற்றல் பார்வையுள்ள இசைக் கலைஞர்களிடமே அரிது. சிறு வயதிலேயே பார்வை இழந்த 21 இசைக் கலைஞர்களைச் சோதித்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், 12 பேரிடம் அது இருந்தது.

அதே ஆண்டு கனடாவில் நடந்த ஓர் ஆய்வுதான் பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டியது. ஒலி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கண்டுபிடிப்பதில், மிகச் சிறு வயதில் பார்வை இழந்தவர்கள் மற்றவர்களை மிஞ்சினார்கள். வளர்ந்தபின் இழந்தவர்களிடம் அந்தச் சிறப்பு இல்லை. இளமூளைதான் அவ்வளவு எளிதில் வளைந்துகொடுக்கும். அந்தப் பருவத்தில் பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்து, "பாவம், இதுக்கு என்ன தெரியும்?" என்று சோறு மட்டும் ஊட்டினால், அல்லாஹ் கொடுத்த வாய்ப்பை நாமே வீணாக்குகிறோம்.

எல்லாப் பார்வையற்ற பிள்ளையும் பெரிய காரீயாக ஆகிவிடாது. ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் கற்கும் உரிமை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு.

பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். கற்றுக்கொள்ள ஆவலோடு வந்த அவரை முன்னிட்டே அபஸ சூராவின் ஆரம்ப வசனங்கள் இறங்கின. பிலால் (ரலி) அவர்களைப் போல அவரும் மதீனாவில் பாங்கு சொன்னார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் போனபோது மதீனாவில் அவரைப் பொறுப்பாக விட்டுச் சென்றதும் உண்டு. அவருக்குக் கிடைத்தது அனுதாபம் அல்ல, பொறுப்பு.

ஆகவே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால் மறைக்காதீர்கள். முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு மற்றப் பிள்ளைகளோடு மக்தபுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புங்கள். பிரெயில் கற்றுக்கொடுங்கள், குர்ஆனும் பிரெயிலில் இருக்கிறது. செலவை நினைத்துத் தயங்குபவர்கள் நம் அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள். சேர்ந்து வழி பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.