குடை யாருக்கு? மழை யாருக்கு?

தலைப்பு: அரசு உத்தரவாதக் கடனில் தொழில் தொடங்கச் சிறந்தது கம்பெனிப் பேரா, சொந்தப் பேரா?
அணி: சொந்தப் பேரே!



எதிரணித் தம்பி கேட்டாரு: "பேரு கம்பெனியோடது, பணம் பேங்கோடது, உத்தரவாதம் அரசாங்கத்தோடது. உங்களுக்கு என்னங்க கஷ்டம்?" அய்யா, இதே வார்த்தையை எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ஒருத்தர் சொன்னாரு. அன்னிக்குத்தான் எங்க கஷ்டமே ஆரம்பிச்சுது! (சிரிப்பு)

எனக்கு ஊர் காரைக்கால் பக்கம் கிளிஞ்சல்மேடு. மீனவக் குடும்பம். 2004 டிசம்பர் 26 சுனாமியில அப்பாவோட படகு போச்சு. "எம்புள்ள இனிமே கடலுக்குப் போகக்கூடாது"ன்னுட்டாங்க அம்மா. மீன்கூடை சுமந்து அண்ணனைப் படிக்க வச்சாங்க. 2018-ல அண்ணன் ஒரு பொரிச்ச அயிட்டக் கம்பெனியோட பிரான்சைஸ் எடுத்தாரு. முத்ரா கடன் 10 லட்சம். அடமானம் கிடையாது.

அந்தப் பத்துல மூணு லட்சம் கம்பெனிப் பேருக்கு. திரும்ப வராது. மிச்சம் கண்ணாடி, போர்டு, அடுப்பு. எல்லாம் அவங்க சொன்ன இடத்துலதான் வாங்கணும். மெனுவுல மீனும் உண்டு. எங்க வாசல்ல கடல், துள்ளத் துள்ள மீன். ஆனா கம்பெனி லாரியில வர்ற ஐஸ் மீனைத்தான் பொரிக்கணுமாம்! எங்கம்மா அதை மோந்து பார்த்துட்டு, "இது செத்து எத்தனை வருஷம்டா ஆச்சு?"ன்னாங்க. (பலத்த சிரிப்பு)

ஏப்ரல் 15 வந்துது. 61 நாள் மீன்பிடித் தடை. கரையில காசு இல்லை; கடையில கூட்டமும் இல்லை. ஆனா பேங்குத் தவணை மாசம் 21,700 ரூபாய்க்கு மேல. கம்பெனிக்கு ராயல்டி, அதுவும் லாபத்துல இல்லீங்க, விற்பனையில! விற்பனை குறைஞ்சாலும் மாசம் குறைந்தபட்சம் 10,000. தடைக்காலம் மீனுக்குத் தெரியும், தவணைக்குத் தெரியாதே!

சரி, அரசாங்க உத்தரவாதம் இருக்கேன்னு பேங்குக்குப் போனோம். அங்கதான் புரிஞ்சுது. 2000-ல மத்திய அரசும் சிட்பியும் சேர்ந்து தொடங்கின உத்தரவாத அறக்கட்டளை ஆகட்டும், 2015-ல வந்த முத்ராவுக்கான உத்தரவாத நிதி ஆகட்டும், கடன் வராமப் போனா நஷ்டத்துல ஒரு பங்கைப் பேங்குக்குத்தான் தரும். வாங்கினவர் கடன் தீராது. அசலும் வட்டியும் அவர் தலையிலதான். குடை பேங்குக்கு, மழை எங்க அண்ணனுக்கு! (கைதட்டல்)

கம்பெனிப் பேரு கூட்டம் சேர்க்கும், தொழில் கத்துக் குடுக்கும். மறுக்கலை. ஆனா அமெரிக்காவுல 1979 முதல் ஒரு விதி இருக்கு. கட்டணம், வழக்கு, மூடின கடைகள் இதையெல்லாம் முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும். இப்ப அதுக்குக் கெடு, கையெழுத்துக்கு 14 நாள் முன்னாடி. நம்ம நாட்டுல இதுக்குன்னு தனிச்சட்டமே இல்லை. 1872 ஒப்பந்தச் சட்டம்தான். அதனால நாமதான் கேட்கணும். இதே ஊர் அளவுல எத்தனை கடை மூடியிருக்கு? பாதியில விட்டா என்ன திரும்ப வரும்? மந்தமான மாசத்துல ராயல்டி எவ்வளவு? எங்க அண்ணன் நாற்பது பக்க ஒப்பந்தத்துல நாலு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டவர்!

கடை மூடிட்டோம். தவணைக் காலத்தை நீட்டி வாங்கினோம். அம்மா தன் சங்கிலியைக் கழட்டிக் குடுத்தாங்க. இன்னிக்கு ஊருக்குள்ளேயே சின்னதா ஒரு மீன் வறுவல் கடை. அண்ணன் பொரிக்கிறாரு, மீனை அம்மா பார்த்து எடுக்குறாங்க. போர்டுல அம்மா பேரு. அந்தப் பேருக்கு ராயல்டி கிடையாதுங்க! பழைய கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. கட்டிடுவோம்.

உத்தரவாதம் அரசாங்கம் தரலாம், பேரை நாமதான் சம்பாதிக்கணும். ஆகவே சொந்தப் பேரேன்னு தீர்ப்புச் சொல்லுங்க அய்யா! (பலத்த கைதட்டல்)