காத்திருத்தல் மருந்தாகாது



இரண்டு வயது நிறைந்தும் குழந்தை பேசவில்லையே என்று இளந்தாய் கவலையுறும்போது, வீட்டுப் பெரியவர்கள் கூறும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றே: "ஆண் பிள்ளை அப்படித்தான், இவன் தகப்பனும் தாமதமாகத்தான் பேசினான்." அன்பினால் எழும் சொல்தான் அது. எனினும், சில குழந்தைகளிடமிருந்து அச்சொல் அருமையான ஆண்டுகளைப் பறித்துவிடுகிறது.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. 1943இல் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி இதனை விரிவாக எழுதினார். பின்னர் நெடுங்காலம், தாயின் பாசக் குறைவே இதற்குக் காரணம் என்னும் பிழையான கருத்து மருத்துவ உலகிலேயே நிலவிற்று. ஆட்டிசம் உடைய மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்டு ரிம்லாண்ட், 1964இல் நூல் எழுதி அதனை மறுத்தார். மரபணுக்களின் பங்கே பெரிது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே, தாயின் வளர்ப்பையோ முன்வினையையோ சுட்டிப் பழித்தல் தகாது. சொல்லால் வருத்துவதும் இம்சையே என்றறிந்த குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராமை, ஒன்றரை வயதிலும் வேண்டியதை விரலால் சுட்டாமை, இரண்டு வயதில் இரு சொற்களை இணைத்துப் பேசாமை, பேசிய சொற்களை இழத்தல் ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். இவற்றுள் ஒன்று காணப்படுவதாலேயே ஆட்டிசம் என்று முடிவு கட்டலாகாது; ஆனால் குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுதற்கு அது போதும். செவித்திறனையும் சோதித்தல் வேண்டும். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்குக் கட்டணமில்லை.

பயிற்சியாளரிடம் செல்வது வாரத்தில் சில மணி நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் வீடே பள்ளி. முகத்துக்கு நேரே அமர்ந்து சிறு தொடர்களாகப் பேசுதல், அன்றாட வேலைகளை ஒரே ஒழுங்கில் செய்தல், அடுத்து நிகழ்வதைப் படங்களால் காட்டுதல், விடை வரும்வரை பொறுத்திருத்தல் ஆகியன எவரும் செய்யத்தக்கவை. விழாவில் மேளவொலி கேட்டுக் காதைப் பொத்தும் குழந்தையை அதட்டாமல், அமைதியான ஓரிடத்தில் அமரச் செய்யலாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. அரசு ஏற்புப் பெற்ற பள்ளிகள் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்தல் கடமை.

இத்தனையும் இருந்தும், உடன்பிறந்தாளின் திருமணத்திற்கு இடையூறாகுமோ என அஞ்சிக் குழந்தையை மறைக்கும் இல்லங்கள் உள்ளன. அனைவரும் ஒருவரையொருவர் அறிந்த சிறு சமூகத்தில் அவ்வச்சம் இயல்பே. அதனை நீக்கும் ஆற்றலும் அச்சமூகத்திடமே உள்ளது. பெண் பார்க்கச் செல்வோர் அவ்வீட்டுக் குழந்தையையும் பெயர் சொல்லி அழைத்து மகிழ்வாராயின், மறைக்க வேண்டிய தேவை எழாது.