ஒளிநாடாவில் உறங்கும் திருவிழா

(ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள ஆலய அலுவலகங்களின் அலமாரிகளிலும் பக்தர்தம் இல்லங்களிலும் பழைய ஒளிநாடாக்கள் உறங்குகின்றன. 1980களிலும் 1990களிலும் நிகழ்ந்த குடமுழுக்கு, தைப்பூசம், தீமிதி, தேர் ஊர்வலம் ஆகியவை அவற்றில் பதிவாகியுள்ளன. அவற்றைக் கணினியில் ஏற்றி, இன்றைய படத்தொகுப்புக்கு ஏற்ற வடிவில் மாற்றுவது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

நாடா என்பது நெகிழிப் பட்டை ஒன்றின்மேல் காந்தத் துகள்களைப் பசையால் ஒட்டிய பொருள். இவ்வட்டாரத்தின் புழுக்கத்தில் அதன்மேல் பூசணம் படரும். ஆயினும் நாடாவுக்கு முன்பே இயந்திரம் மறைந்துவிடும் போலிருக்கிறது. 1976இல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். முறைக்கு ஒளிநாடாக் கருவி செய்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் அவ்வுற்பத்தியை நிறுத்தியது. ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே அபாயமணி அடித்தது. 2025க்குள் எண்முறைக்கு மாற்றப்படாத காந்த நாடாக்களைப் பெரும்பாலும் இழக்க நேரும் என்று அது எச்சரித்தது. அந்தக் கெடு வந்தேவிட்டது.

மாற்றுவதற்கு முன் எந்த நாடாவை மாற்றுவது என்று முடிவு செய்தல் வேண்டும். இதில்தான் பலரும் தவறுகின்றனர். ஆலயத்தில் இருப்பது பெரும்பாலும் வீடியோக்காரர் தொகுத்துக் கொடுத்த வி.எச்.எஸ். நாடா. அது படியெடுத்ததன் படி. ஒவ்வொரு படியிலும் வண்ணம் கரைந்து உருவம் மங்கும். கேமராவில் பதிவான மூலநாடாவோ ஹை-8 ஆகவோ மினி டிவி ஆகவோ இருந்திருக்கலாம். (மினி டிவி என்பது சிறிய தொலைக்காட்சிப் பெட்டியன்று, 1995இல் வந்த எண்முறை நாடாவின் பெயர்.) வி.எச்.எஸ். சுமார் 240 கோடுகள் அளவுக்கே நுணுக்கம் காட்டும். ஹை-8 சுமார் 400 கோடுகள் காட்டும். படத்தெளிவைக் காட்டிலும் பெரிய வேறுபாடு ஒலியில் உண்டு. அக்காலத் தொகுப்புகள் பலவற்றில் மண்டபத்து ஒலியை அழித்துவிட்டுப் பக்திப் பாடலையோ திரைப்பாடலையோ சேர்த்துவிட்டார்கள். அழகுக்காகச் செய்ததுதான். ஆனால் அன்று ஓதிய ஓதுவாரின் குரலும், நாதஸ்வர இசையும், "தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க" என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்திய தொண்டரின் குரலும் அதனால் மறைந்தன. மூலநாடா கிடைத்தால் அவை திரும்பக் கிடைக்கும். ஆகவே, அன்று படமெடுத்தவரையோ அவர்தம் பிள்ளைகளையோ தேடிச் சென்று, பரணில் பழைய பெட்டி ஏதும் உண்டா என்று கேட்பதே முதற்பணி.

கிடைத்த நாடாவை உடனே கருவியில் செருகலாகாது. கேசட்டின் சாளரம் வழியே நோக்கினால் நாடாச் சுருளின் விளிம்பில் வெண்பொடி தெரிகிறதா என்று காணலாம். தெரிந்தால் அது பூசணம். ஒரு நாடாவின் பூசணம் கருவிக்குள் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் பரவும். அத்தகையதைத் தனி உறையிலிட்டு, துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே முறை. நல்ல நாடாவாயின், பதிவுத் தடுப்பை முதலில் இட வேண்டும்: வி.எச்.எஸ். கேசட்டில் முதுகுப்புறத்துச் சிறு தகட்டை ஒடிக்க வேண்டும். சிறு நாடாக்களில் நகர்த்துவிசையைத் தள்ள வேண்டும். இதைச் செய்யாமல் தவறான பொத்தானை அழுத்திவிட்டால் குடமுழுக்கின்மேல் வெறுந்திரை பதிவாகிவிடும். பின்னர் நாடாவை ஒருமுறை இறுதிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினால் இறுக்கம் சீராகும்.

மினி டிவி நாடாவில் உள்ளது ஏற்கெனவே எண்முறைத் தரவு. அதை ஃபயர்வயர் வடம் வழியாக அப்படியே கணினிக்கு மாற்றலாம். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 13 கிகாபைட் இடம் பிடிக்கும். அவ்வழியில் வந்தால், கேமராவின் கடிகாரம் சரியாக இருந்தவரை, படமெடுத்த நாளும் நேரமும் தரவோடு சேர்ந்தே வரும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வடங்கள் வழியே எடுத்தால் அந்தக் குறிப்பு தொலையும். புதிய கணினிகளில் ஃபயர்வயர் செருகுவாய் இல்லை. ஆகவே வீட்டில் பழைய கணினி இருப்பின் அதை எறிந்துவிட வேண்டாம். ஹை-8 நாடா வைத்திருப்போர் டிஜிட்டல்-8 கேமராவைத் தேடலாம். அவற்றுள் பல மாதிரிகள் பழைய 8 மில்லிமீட்டர் நாடாவையும் ஓட்டி, எண்முறையாக மாற்றியே வெளியிடும். வி.எச்.எஸ். நாடாவுக்குப் படம் ஆடாமல் நிறுத்தும் காலத் திருத்தக் கருவி ஒன்று இடையில் இருப்பது நலம்.

தொகுப்பில் வரும் சிக்கல் ஒன்றுண்டு. இவ்விரு நாடுகளிலும் வழங்கிய பால் முறையில் நொடிக்கு 25 படச்சட்டங்கள். ஒவ்வொன்றும் ஒன்றுவிட்டு ஒன்றாய் அமைந்த கோடுகளாலான இரண்டு அரைச்சட்டங்கள். ஆக, நொடிக்கு 50 அசைவுகள் பதிவாகும். இன்றைய திரையில் அவை பின்னிக்கொண்டு, தவில் வாசிப்பவரின் கை சீப்புப் பற்களாகச் சிதறித் தோன்றும். மென்பொருளில் பின்னல் நீக்கும்போது நொடிக்கு 50 சட்டங்களாக விரிக்க வேண்டும். 25ஆகக் குறைத்தால் அசைவில் பாதி போய்விடும். படத்தின் அகலமும் உயரமும் 4க்கு 3 என்ற விகிதத்திலேயே இருக்கட்டும். அகலத்திரைக்கு ஏற்ப இழுத்தால் மெலிந்திருந்த தலைவர்கூடப் பருத்துவிடுவார்!

செயற்கை நுண்ணறிவு கொண்டு பழைய முகங்களைத் துலக்கும் மென்பொருள்களும் இன்று உள்ளன. மங்கலான இடத்தில் அவை இல்லாத கண்ணையும் வாயையும் வரைந்துவிடும். பாட்டியின் முகம் துலக்கமாகும்; ஆனால் அது பாட்டியாக இராது. அத்தகைய வேலையைப் படியில் மட்டுமே செய்து பார்க்கலாம்.

இக்காரணம் பற்றியே, முதலில் எடுத்த கோப்பு வெட்டாமல், சுருக்காமல் இருத்தல் வேண்டும். வெட்டுவதும் ஒட்டுவதும் வேறொரு படியில் நிகழட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சுருக்கியது காப்புப் படியாகாது. மூலக்கோப்புக்கு வெவ்வேறு வன்தட்டுகளில் மூன்று படிகள் வேண்டும். ஒன்று ஆலயத்திற்கு வெளியே ஓர் உறுப்பினர் பொறுப்பில் இருக்கட்டும். நாடாவையும் எறியலாகாது. எண், நாள், நிகழ்ச்சி, படமெடுத்தவர், எவரிடமிருந்து பெறப்பட்டது எனப் பதிவேடு ஒன்று அலுவலகத்தில் திறக்கப்பட வேண்டும்.

பதிவேட்டில் இன்னொரு பத்தியும் தேவை: படத்தில் இருப்போர் பெயர். யாகசாலையருகே விறகு அடுக்குபவர், மடைப்பள்ளியில் சோறு வடிப்பவர், குழந்தையை இடுப்பில் ஏந்தித் தேரைப் பார்த்து நிற்கும் தாய் ஆகியோரைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் உள்ளனர். மாற்றிய படத்தை வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின் மண்டபத்தில் திரையிட்டு, அவர்களை முன்வரிசையில் அமர்த்தி, அருகில் ஓர் இளைஞர் குறிப்பேட்டுடன் இருந்தால், அந்தப் பத்தி நிரம்பும். படத்தை இடையிடையே நிறுத்துவதற்கு ஒருவர் விசைக்கருவியுடன் இருந்தாக வேண்டும். முதியவர்கள் ஒரே முகத்தைப் பலமுறை காட்டச் சொல்வார்கள்.